ரம்பத்துக்குத் தெற்கு ஆகாது

அப்பா வெளியில் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். விடிந்ததும் எழுந்து, பல்கூட விளக்காமல், பட்டறைக்குப் போய் ரம்ப மிஷினைப் போடுவார். போட்ட வேகத்தில் அந்த வட்ட ரம்பம் கழன்று அவர் மேலேயே பாயலாம். பாயாமலும் போகலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாயக்கூடும் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போல் இருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன். சத்தம் போட்டுச் சிரித்துவிடாதீர்கள். அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். பல்லி சத்தம் போட்டால்கூட எழுந்து எந்த மூலையில் என்று பார்க்கிறவள்.

எங்கள் பட்டறை சங்ககிரிக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. வெறும் எலும்புக்கூடாக வருகிற லாரிக்குச் சட்டம் அடித்து, பலகை போட்டு, பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். அப்பா பெயர் தீர்த்தகிரி. கிணற்றில் தண்ணீர் குறைந்ததிலிருந்து பாதி நாள் காட்டில் விவசாயம், பாதி நாள் பட்டறை என்று ஆகிவிட்டார். கூட்டாளி, அம்மாவின் தம்பி மயில்சாமி மாமா. மாமா வெகுகாலம் லாரி ஓட்டியவர். உலகத்தில் எதையும் லாரியாக நினைத்துப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால், “ரேடியேட்டர்ல தண்ணி இல்லக்கா” என்று மோரைக் கொண்டுவந்து நீட்டுவார்.

மேட்டூரில் ஏதோ ஒரு கம்பெனியில் தச்சு வேலைக் கொட்டகையை மூடிவிட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மாமாதான் அந்த ரம்ப மிஷினை ஏலத்தில் எடுத்துவந்தார். பெரிய இரும்பு மேசை. நடுவில் ஒரு பிளவு. அதில் வட்ட ரம்பம் பாதி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே மோட்டார். பலகையைத் தள்ளிவிட்டால் போதும், வெண்ணெய் மாதிரி அறுக்கும் என்றார். லாரியிலிருந்து இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, மிஷினில் பாதி இல்லை.

பெல்ட்டு இல்லை. பேரிங் உடைந்திருந்தது. ரம்பத்தை ஏற்றி இறக்குகிற கைச்சக்கரம் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

“ஏனுங், ஏலத்துல எடுக்கறப்ப கண்ணைத் தொறந்து பாக்கமாட்டானா இவன்?” என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். மாமா எதிரிலேயே நிற்கும்போது அப்பாவைக் கேட்பதுதான் அம்மாவின் வழக்கம்.

“அக்கா, சேஸிஸு நல்லா இருந்தாப் போதும். மத்ததெல்லாம் ஊருல கெடக்குது” என்றார் மாமா.

அது உண்மைதான். பெல்ட்டு ஒரு நெல் மில்லில் கிடைத்தது. பேரிங் திருச்செங்கோட்டில் போர் போடுகிற வண்டிக்காரரிடம் கிடைத்தது. கைச்சக்கரம் எங்கேயும் கிடைக்காமல், மாமா ஒரு பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அதைத் திருப்பும்போதெல்லாம் வாயாலேயே ஹாரன் அடித்தார். எங்கள் மிஷினுக்கு இந்த ஜில்லா முழுக்கச் சொந்தக்காரர்கள்.

கடைசியில் ஒரே ஒரு நட்டு மட்டும் பாக்கி. ரம்பத்தைத் தண்டில் கோத்து, அது கழன்றுவிடாமல் இறுக்கிப் பிடிக்கிற நட்டு. சங்ககிரியில் எந்தப் பட்டறையில் கேட்டும் தண்டிலிருந்த திருகு வரிக்கு, அதுதான் மரை, எதுவும் சேரவில்லை. தண்டைக் கழற்றி எடுத்துப்போக மாமாவுக்குச் சோம்பல். துணி சோப்பைத் தண்டின் மேல் அழுத்தி மரையின் அச்சை எடுத்தார். அந்தச் சோப்பைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து பார்த்தால், அம்மா அதில் மாமாவின் வேட்டியையே துவைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல சோப்ப எலி கொறிச்ச மாதிரி கொறிச்சு வெச்சிருக்குதேன்னு அந்தப் பக்கத்தத்தான் மொதல்ல தேச்சேன்” என்றாள்.

அடுத்த சோப்பில் எடுத்த அச்சை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அப்பாவையும் மாமாவையும் தனியாகச் சேலத்துக்கு விட்டால் நேராக சினிமா கொட்டகைக்குப் போய்விடுவார்கள் என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். பத்தாவது படிக்கிற பெண்ணுக்குக் காவல்காரி உத்தியோகம்.

சேலத்தில் மொய்தீன் பாயின் பழைய இரும்புக் கடை. உள்ளே நுழைந்தால் கப்பல் உடைந்து கரை ஒதுங்கின மாதிரி இருக்கும். பாய் சோப்பை வாங்கி மூக்குக்கண்ணாடி அருகில் வைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“எதுக்கும்மா இது? குளிக்கவா, நட்டு வாங்கவா?”

“நட்டுக்குங்க பாய்.”

“இது எடது மரையாச்சே. மத்த நட்டெல்லாம் வலப்பக்கம் திருப்புனா இறுகும். இது எடப்பக்கம் திருப்புனாத்தான் இறுகும்.”

அப்பாவும் மாமாவும் அதற்குள் கடையின் பின்பக்கம் ஒரு லாரி கதவைப் பார்த்து மயங்கிப் போய்விட்டார்கள். நான்தான் கேட்டேன், எதற்கு அப்படி என்று. பாய் ஒரு போல்ட்டில் நட்டை மாட்டி என் முகத்துக்கு முன்னால் சுற்றிக் காட்டினார்.

“ரம்பம் எந்தப் பக்கம் சுத்துதோ, நட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா இறுகணும் தாயி. அப்பத்தான் மோட்டாரப் போட்டதும் நட்டு தானா இறுகிக்கும். மாத்திப் போட்டேன்னு வையி, மோட்டாரே நட்டைக் கழட்டி விட்டுடும். அப்புறம் ரம்பம் மேசையில நிக்குமா? ஆத்தூருக்கு டிக்கெட் வாங்கிடும்.”

அவரிடம் இடது மரை நட்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. எல்லாம் ஒன்று பெரிது, அல்லது சிறிது. செய்துதரச் சொல்கிறேன், அடுத்த மாதம் வாருங்கள் என்றார். மாமா முகம் சுருங்கிவிட்டது. ஜோசியரிடம் கேட்டு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. ராசிபுரத்து லாரிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பலகை எங்கே, பலகை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா பட்டறை வாசலில் நின்று மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“கண்ணாத்தா, நட்டுப் பிரச்சினை தீந்துபோச்சு!”

நட்டு கிடைக்காததால் தண்டையே மாற்றிவிட்டார். முதலில் கழற்றச் சோம்பல்பட்ட அதே தண்டைக் கழற்றி, லேத்துக்குக் கொண்டுபோய், இடது மரையைச் சீவித் தள்ளிவிட்டு, சாதாரண வலது மரை வெட்டி வாங்கிவந்திருந்தார். அதில் ஒரு லாரி நட்டு கும்மென்று உட்கார்ந்திருந்தது.

பாய் சொன்னதைச் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“அட, இத நானு லாரியில பாக்காததா?” என்றார் மாமா. “எடது பக்கச் சக்கரத்துக்கு எடது மரை. வலது பக்கச் சக்கரத்துக்கு வலது மரை. இது மேசை. மேசைக்கு எது புள்ள எடது பக்கம்?”

“சைக்கிள்ல எடது பெடலுக்கும் எடது மரைதானுங் மாமா?”

“அதுவும் ரோட்டுல ஓடறதுதான? ஓடற சாமானுக்குத்தான் எடது, வலதெல்லாம். நின்ன எடத்துல நிக்கற சாமானுக்கு எதுக்கு?”

அப்பாவைப் பார்த்தேன். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, “மாமன் பாத்துக்குவான் சாமி. நீ போயிப் படி” என்றார்.

படிப்பதா? எங்கள் வீட்டில் புதிதாக எதை ஆரம்பித்தாலும் பெண்பிள்ளை கையால்தான் ஆரம்பிப்பார்கள். வெள்ளிக்கிழமை சுவிட்சைப் போடப் போவது நான். ரம்பத்துக்கு நேரே நின்று முதல் பலகையைத் தள்ளப் போவது அப்பா. என் கையால் என் அப்பாவை…

அன்று ராத்திரியும் தூங்கவில்லை. காலையில் காட்டுக்குப் போனபோது கிணற்று மோட்டாரைப் பார்த்தேன். போன வருஷம் ஒரு தடவை மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. டிரான்ஸ்பார்மரில் வேலை பார்த்த லைன்மேன் கம்பியை மாற்றிக் கட்டிவிட்டதால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. அப்பா மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார். தண்ணீர் கொட்டியது.

அப்படியே நின்றுவிட்டேன். ரம்ப மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றினால், அந்த வலது மரையே சரியாகிவிடுமே! நட்டு தானாக இறுகுமே! ஆனால் ரம்பம் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டுமென்றால் அதைத் திருப்பிப் போட வேண்டும், அப்பாவும் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பலகையைத் தள்ள வேண்டும். அப்பாவை அந்தப் பக்கம் எப்படிக் கொண்டுபோவது? பத்தாவது படிக்கிற பெண் சொன்னால் மேசையைச் சுற்றி வருவாரா?

பட்டறைக்குப் போய் மேசையைப் பார்த்தேன். அப்பா நிற்கிற இடத்தில் நின்றும் பார்த்தேன். எதிரே புளியமரம். புளியமரத்துக்கு அப்பால் சுடுகாட்டு வழி.

தெற்கு.

அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டேன்.

“ஏம்மா, அப்பா தெக்கயப் பாத்து நின்னுதான் மொத வெட்டு வெட்டுவாங்களா?”

குழவி நின்றது.

“தெக்கயா?”

கையில் மாவோடு அம்மா பட்டறைக்குப் போன வேகத்துக்கு லாரிகூட ஹாரன் அடித்துத்தான் வழி கேட்டிருக்கும்.

“டேய் மயிலு! எம்புருசன எமனைப் பாத்து நிக்க வெச்சு மெசினு ஓட்டப் போறயா?”

மாமா மேசைக்கு அடியிலிருந்து எழுந்து தலையை இடித்துக்கொண்டார். “அக்கா, போல்ட்டெல்லாம் சிமெண்ட்டுல பொதைச்சாச்சு. இனி மெசினைத் திருப்ப முடியாது.”

“மெசினு எந்தப் பக்கம் வேண்ணாலும் பாத்துட்டுப் போவுது. இவுக வடக்கதான் பாக்கோணும்.”

“அப்படின்னா அக்கட்டால போயி நிக்கோணும். ரம்பத்துப் பல்லு திரும்பியில்ல இருக்கும்?”

“திருப்பிப் போடு.”

“திருப்பிப் போட்டா மோட்டாரும் திரும்பிச் சுத்தோணுமே!”

நான் தூணுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னேன். “ரெண்டு ஒயர மாத்திப் போட்டாச் சுத்துமில்லீங் மாமா? நம்ம கெணத்து மோட்டாரு மாதிரி.”

“அது எனக்குத் தெரியாதா?” என்று என் மேல் பாய்ந்தார் மாமா. பாய்ந்த கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். அப்பா அம்மாவின் மாவுக்கையைப் பார்த்துவிட்டு மேசையைச் சுற்றிப் போய் வடக்கே பார்த்து நின்றுகொண்டார்.

இன்று காலை பூஜை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, மேசைக்கு விபூதிப் பட்டை போட்டார்கள். முதலில் ரம்பத்துக்கு எலுமிச்சம்பழம் கொடுக்க வேண்டும் என்று மாமா சொல்லி, ஒரு பலகையின் நுனியில் பழத்தை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். பழம் இரண்டாகி ஒரு பாதி மாமாவின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அதோடு சரி. அப்பா பலகையைத் தள்ளினார். வெண்ணெய் மாதிரியே அறுத்தது. சாயங்காலம் மாமா நட்டின் மேல் ஸ்பானரைப் போட்டு அசைத்துப் பார்த்தார்.

“பாறை மாதிரி இறுகிக் கெடக்குது பாருங் மச்சான்! நானு போட்ட நட்டு!”

அவருக்கும் சந்தோஷம், அம்மாவுக்கும் சந்தோஷம். எனக்கு மூன்று நாளைக்கப்புறம் பசித்தது.

நன்றாகச் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மரில் படாரென்று சத்தம். கரண்ட் போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து லைன்மேன் மாரி அண்ணன் வந்து ஏறினார், இறங்கினார், கரண்ட் வந்தது. எல்லாரும் படுத்துவிட்டார்கள்.

புரிகிறதா? போன வருஷம் மாதிரி கம்பி மாறியிருந்தால்? நாளைக் காலையில் ரம்பம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அப்பா அதைப் பார்த்து, “என்னடா இது?” என்று குனிவார். அவர் குனிவதற்குள் மாமாவின் நட்டு கழன்றிருக்கும்.

சொன்னால், அம்மாவை நான் ஏமாற்றியது வெளியில் வரும். மாமாவின் பாறை நட்டு எல்லாரும் சிரிக்கிற நட்டாகிவிடும். இருக்கட்டும். குறட்டை நின்றுவிட்டது. புரண்டு படுக்கிறார். நான் போகிறேன்.

போய்விட்டு வந்துவிட்டேன்.

அப்பாவின் காலைத் தொட்டு எழுப்பினேன். “ஆரு சாமி? பாம்பா?” என்று எழுந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சொன்னது, கிணற்று மோட்டார், தெற்கு, மாரி அண்ணன். மூச்சு விடாமல் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப அந்தத் தெக்கு பொய்யா?” என்றார் கடைசியில்.

“தெக்கு நெசந்தானுங்ப்பா. காரணந்தான் வேற.”

கட்டில் கிரீச் கிரீச் என்றது. அப்பா சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுவாத கண்ணு. வா, கெணத்து மோட்டாரப் போட்டுப் பாத்துருவோம். அதுவும் இதே லைனுதான்.”

டார்ச்சு லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் போனோம். அப்பா சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. குழாய் வாயில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் காற்று வந்தது. ஒரு தவளை வந்தது. தண்ணீர் வரவில்லை.

அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை கனமாக, ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. மோட்டாரை நிறுத்தவேண்டும் என்றே இருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய், மெயின் பெட்டியிலிருந்து பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். இனி ரம்பம் யார் சுவிட்சைப் போட்டாலும் அசையாது.

“காத்தால மொத பஸ்ஸுக்கு பாய் கடைக்குப் போறேன். பழையபடி எடது மரையில தண்டும் நட்டும் செஞ்சு வந்தாத்தான் இனி மெசினு. அப்பவும் கரண்டு போயி வந்தா, கெணத்துல தண்ணி வருதான்னு பாத்துட்டுத்தான் சுவிட்சு. ராசிபுரத்துக்காரரு கத்துனாக் கத்தட்டும்.”

வீட்டு வாசலில் அம்மா விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க போயிட்டு வாரீங்க ரெண்டு பேரும்?”

“தண்ணி குடிக்க” என்றார் அப்பா.

“தண்ணி குடிக்க மோட்டாரு போடோணுமா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்புறம் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், என்னைவிட நன்றாகவே. நான் மாவாட்டுகிற இடத்தில் எப்படிக் கேட்டேன் என்பதை என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அம்மா விளக்கைக் கீழே வைத்தாள். அடி விழும் என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

“அப்ப தெக்கயப் பாத்து வெட்டியிருந்தா இன்னிக்குக் காத்தாலயே உங்க மேல பாஞ்சிருக்குமா?”

“பாஞ்சிருக்கும்.”

“வடக்க நிக்க வெச்சது ஆரு?”

அப்பா என்னைக் காட்டக் கையைத் தூக்கினார்.

“நாந்தான?” என்றாள் அம்மா. என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் படுக்க வைத்தாள். “தூங்கு. காத்தால மாமனுக்கு நீயே சொல்லிப்போடு. நானு சொன்னா அவங்கூடச் சண்டைதான் வரும்.”

இப்போது அப்பா தலையணைக்கு அடியில் பீஸ் கட்டைகளை வைத்துப் படுத்திருக்கிறார். அம்மாவும் தூங்கிவிட்டாள். மாமா விடிந்ததும் வந்து சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அப்பா முதல் பஸ்ஸில் போயிருப்பார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று இவ்வளவு நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாளைக்குச் சனிக்கிழமை.